பதற்றத்தைப் போக்குமா 'பெப்டைட்' ஸ்பிரே? எலியிடம் வேலை செய்தது நமக்கும் மருந்தா? முழு விளக்கம்

வெள்ளிக்கிழமை என்றால் குந்தாரப்பள்ளியில் சந்தை. கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊருக்கு ஆடு, மாடு வாங்கவும் விற்கவும் கர்நாடகா, ஆந்திராவில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள். அதே சாலையில் இன்னொரு கூட்டமும் தினமும் போய் வருகிறது. ஓசூர், குருபரப்பள்ளி சிப்காட்களுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற இளைஞர்கள். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையில் செல்போன்.

அந்த செல்போனில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வார்த்தை 'பெப்டைட்'. "மனப்பதற்றம் போயிடும், தூக்கம் வராது, பழக்கமும் ஆகாது, மூக்கில் அடித்தால் போதும்" என்று ரீல்ஸ்களும் யூடியூப் வீடியோக்களும் சொல்கின்றன. அதில் முக்கியமாகப் பேசப்படும் பெயர் 'செலாங்க்'. ரஷ்யாவில் உருவான ஒரு செயற்கை பெப்டைட்.

இது புது சமாச்சாரம் மாதிரி தெரியும். ஆனால் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செயற்கை பெப்டைட் ஏற்கெனவே நன்றாகத் தெரியும். பால் இறங்கப் போடுகிறார்களே ஒரு ஊசி, அதில் இருக்கும் ஆக்சிடோசின்தான் அது. அந்த ஆக்சிடோசினையும் 'பதற்றத்தைக் குறைக்கும் மருந்து' என்று உலகமே ஒரு காலத்தில் கொண்டாடியது. அப்புறம் என்ன ஆனது?

அதைத் தெரிந்துகொண்டால், செலாங்க் பற்றி வரும் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெப்டைட் என்றால் என்ன?

நம் உடம்பில் உள்ள புரதங்கள் எல்லாமே அமினோ அமிலம் என்ற சின்னச் சின்ன மணிகளைக் கோத்த மாலைகள். நீளமான மாலை என்றால் புரதம். குட்டையான மாலை என்றால் பெப்டைட். அவ்வளவுதான் விஷயம்.

செலாங்கில் 7 மணிகள். ஆக்சிடோசினில் 9. உடல் எடையைக் குறைக்க இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளுடைடில் 31. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51. எல்லாமே ஒரே வகையறாதான். ஆனால் மணிகளின் வரிசை மாறினால் வேலையே மாறிவிடும். 'பெப்டைட் நல்லது', 'பெப்டைட் கெட்டது' என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

இந்த மாலையை உடம்புக்கு வெளியே, லேபில் கோத்தால் அது செயற்கை பெப்டைட். ஆக்சிடோசினை 1953-ல் முதன்முதலாக அப்படி உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு வின்யோ. அதற்காக 1955-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெப்டைட் மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. வாய் வழியாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் வயிற்றிலேயே செரித்துப்போகும். ரத்தத்தில் போனாலும் சில நிமிடங்களிலேயே நொதிகள் வெட்டிப் போட்டுவிடும். அதனால்தான் இவை ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ வருகின்றன.

செலாங்க் எங்கிருந்து வந்தது?

1970-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் விக்டர் நஜ்ஜார், நிஷியோகா என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு மணிகள் கொண்ட ஒரு பெப்டைடை கண்டுபிடித்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் வேலையைச் செய்வது அது. பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்து 'டஃப்ட்சின்' என்று அழைத்தார்கள்.

பிறகு மாஸ்கோவில் உள்ள ரஷ்ய அறிவியல் அகாடமியின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் இதை எடுத்து வேலை செய்தார்கள். டஃப்ட்சின் சீக்கிரம் உடைந்துவிடுகிறது என்பதால், வாலில் மூன்று மணிகளைக் கூடுதலாகக் கோத்தார்கள். அந்த 7 மணி மாலைதான் செலாங்க். ரஷ்யாவில் 2009-ல் மூக்குச் சொட்டு மருந்தாகப் பதிவானது.

இந்தியாவில் இதைப் பதற்றத்துக்கான மருந்தாக விற்க அனுமதி கிடையாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இதற்கு ஒப்புதல் தரவில்லை.

எலிக்குப் பதற்றம் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எலி வாயைத் திறந்து "எனக்குப் படபடன்னு வருது" என்று சொல்லாது. அதனால் அதன் நடத்தையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

லேபில் பிளஸ் குறி வடிவத்தில் ஒரு மேடை இருக்கும். தரையில் இருந்து சுமார் 50 செ.மீ. உயரம். நான்கு கைகளில் இரண்டுக்கு சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. எலியை நடுவில் விட்டு, பொதுவாக 5 நிமிடம் கவனிப்பார்கள்.

எலிக்கு உயரமும் திறந்தவெளியும் பயம். அதே நேரம் புது இடத்தை மோப்பம் பிடித்துப் பார்க்கும் ஆசையும் உண்டு. பயம் ஜெயித்தால் சுவருக்குள் ஒதுங்கும். பயம் குறைந்தால் திறந்த கையில் நடக்கும். டயஸிபாம் போன்ற பதற்ற மாத்திரைகளைக் கொடுத்தால், எலி திறந்த கையில் இருக்கும் நேரம் கூடுகிறது. புது மருந்து எதுவும் இதே மாதிரி செய்தால், "இதுவும் பதற்றத்தைக் குறைக்கலாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கவனியுங்கள், 'குறைக்கலாம்'. ஏனென்றால் இந்தச் சோதனையில் ஓட்டைகள் உண்டு.

ஒரே எலியை இரண்டாவது தடவை அதே மேடையில் விட்டால், டயஸிபாமே சரியாக வேலை செய்யாது. எலிக்குச் சுறுசுறுப்பு கூடினாலும் திறந்த கைக்குப் போகும், பயம் குறைந்ததால்தான் போனது என்று சொல்ல முடியாது. வெளிச்சம், சத்தம், கையில் எடுக்கும் விதம் எல்லாம் முடிவை மாற்றும். 2014-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தையும் சொன்னார்கள். அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தாலே, அந்த வாடைக்கே எலிகளுக்கு மன அழுத்தம் கூடுகிறதாம்!

மாடு கறப்பவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது. புது ஆள் மடியில் கை வைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானே.

செலாங்க் ஆய்வுகள் சொல்வது என்ன?

முக்கியமான மூன்று ஆய்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது 2016-ல் வெளியானது. நம் மூளையில் 'காபா' என்ற ரசாயனம் உண்டு. வண்டிக்கு பிரேக் மாதிரி, மூளையின் வேகத்தைக் குறைப்பது அது. டயஸிபாம் இந்த பிரேக்கைத்தான் இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. ரஷ்ய ஆய்வாளர்கள் எலிகளுக்கு செலாங்க் கொடுத்துவிட்டு, இந்த பிரேக் அமைப்போடும் நரம்புச் செய்திப் பரிமாற்றத்தோடும் தொடர்புடைய 84 மரபணுக்களைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் 45 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. மூன்று மணி நேரத்தில் அது 22 ஆக இருந்தது. செலாங்க் மூளையில் ஏதோ செய்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் மரபணு மாறுவதும் மனசு அமைதியாவதும் ஒன்றல்ல.

இரண்டாவது 2017-ல் வந்தது. எலிகளைத் தொடர்ந்து எதிர்பாராத சின்னச் சின்ன தொல்லைகளுக்கு உள்ளாக்கி, சில எலிகளுக்கு செலாங்க், சிலவற்றுக்கு டயஸிபாம், சிலவற்றுக்கு இரண்டும் கொடுத்தார்கள். பிளஸ் மேடையில் சோதித்தபோது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எலிகளிடம் பதற்றம் நன்றாகக் குறைந்திருந்தது.

மூன்றாவதுதான் மனிதர்களிடம் நடந்தது. 2008-ல் வெளியானது. மொத்தம் 62 நோயாளிகள். 30 பேருக்கு செலாங்க், 32 பேருக்கு மெடாசிபாம் என்ற பழைய பதற்ற மாத்திரை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன, செலாங்கில் சோர்வு குறைவு என்பது முடிவு.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன பிரச்சனை?

62 பேர் என்பது ஒரே ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூடிய கூட்டம். அதுவும் பதற்ற நோய்க்கு ஒரு குணம் உண்டு. வெறும் டம்மி மருந்து கொடுத்தாலும் கணிசமானவர்களுக்கு சரியான மாதிரி தோன்றும். டாக்டர் உட்கார வைத்துப் பேசுகிறார், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதே பாதி மருந்து. அதனால் டம்மி மருந்து வாங்கும் இன்னொரு குழுவும் இருந்தால்தான் உண்மை தெரியும். நூற்றுக்கணக்கான பேரிடம், பல நாடுகளில், கண்டுபிடித்தவர்களோடு சம்பந்தமில்லாத ஆட்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். செலாங்க் ஆய்வுகளில் பெரும்பகுதி அதை உருவாக்கிய நாட்டில், உருவாக்கிய நிறுவனங்களைச் சுற்றியே நடந்தவை.

இதற்காக செலாங்க் பொய் என்று சொல்லிவிட முடியாது. தேர்வு இன்னும் முடியவில்லை என்பதுதான் சரி.

ஆக்சிடோசின் கதை: பசுவில் இருந்து மனிதன் வரை

தேர்வு முடியும் முன்பே ரிசல்ட் போட்டால் என்ன ஆகும்? இங்கேதான் அந்த மாட்டு ஊசி உதவிக்கு வருகிறது.

கன்று முட்டும்போதோ, பழகிய கை மடியைத் தொடும்போதோ பசுவின் மூளையில் இருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. அது ரத்தத்தில் போய், மடியில் பால் சேர்ந்திருக்கும் சின்னப் பைகளைப் பிழிகிறது. பால் இறங்குகிறது. கவனிக்க: ஆக்சிடோசின் பாலை உண்டாக்குவதில்லை, இருக்கும் பாலை இறக்கிவிடுகிறது.

1941-ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கறக்கும் நேரத்தில் காகிதப் பைகளை வெடித்துப் பசுவை மிரள வைத்துப் பார்த்தார்கள். பால் நின்றுவிட்டது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின்தான் காரணம். பயமும் ஆக்சிடோசினும் எதிரெதிர் என்ற எண்ணம் இப்படி மாட்டுத் தொழுவத்தில் இருந்தே தொடங்கியது.

அடுத்து லேப் எலிகள். மூளையில் ஆக்சிடோசினைச் செலுத்தினால் பதற்றம் குறைவதாகப் பல ஆய்வுகள் வந்தன. 2005-ல் பெரிய திருப்பம். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூக்கில் ஆக்சிடோசின் அடித்துக்கொண்டவர்கள் முன்பின் தெரியாதவரை நம்பிப் பணம் கொடுப்பது கூடுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இந்த ஸ்பிரேயால் அடங்குவதை ஸ்கேனில் காட்டியது.

உலக மீடியா கொண்டாடியது. 'அன்பு ஹார்மோன்' என்று பெயர் வைத்தது. ஆன்லைனில் ஸ்பிரே விற்பனை களைகட்டியது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆட்டம் காண ஆரம்பித்தது.

2013-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆக்சிடோசின் வேலை செய்தால் சுண்டெலிகளுக்குப் பயம் கூடுகிறது என்று காட்டியது. அதாவது, ஒரே மூலக்கூறு ஒரு இடத்தில் பயத்தைக் குறைக்கிறது, இன்னொரு இடத்தில் கெட்ட நினைவை ஆழமாகப் பதிய வைக்கிறது.

2020-ல் அந்த 'நம்பிக்கை' ஆய்வை 677 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஸ்பிரே அடித்தவர்களிடம் பொதுவாக நம்பிக்கை கூடவில்லை.

2021-ல் இன்னும் பெரிய அடி. ஆட்டிசம் உள்ள 290 குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடம் 24 வாரம் நடந்த ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஆக்சிடோசின் ஸ்பிரேக்கும் டம்மி ஸ்பிரேக்கும் பழகும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குழந்தைக்கு நல்லது நடக்கும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? எலிக்கு மருந்தை மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்க முடியும். மனிதருக்கு மூக்கில்தான் அடிக்க முடியும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு பாதுகாப்பு வேலி உண்டு. பெப்டைட்கள் அதைத் தாண்டுவது கஷ்டம். மூக்கில் அடித்ததில் மூளைக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம்தான்.

அப்போ ஆக்சிடோசின் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுக்க இதைவிட முக்கியமான மருந்து இல்லை. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. ஒரே பெப்டைட், பிரசவ அறையில் உயிரைக் காப்பாற்றுகிறது, பதற்றத்துக்கு மூக்கில் அடித்தால் நிரூபணம் இல்லை. எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த வழியில் என்பதுதான் ஒரு பொருளை மருந்தாக்குகிறது.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கறவை மாடுகளுக்கு ஆக்சிடோசின் ஊசியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுத் தேவைக்கு அதைத் தயாரிக்க மத்திய அரசு 2018 ஏப்ரலில் தடை போட்டது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசு நிறுவனமான கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ் மட்டுமே தயாரிக்கலாம் என்றது. அதாவது, நாடு முழுக்கப் பிரசவ வார்டுகளுக்கான மருந்துக்கு ஒரே ஒரு கம்பெனி!

தட்டுப்பாடு வந்தால் தாய்மார்களின் உயிருக்கே ஆபத்து என்று அகில இந்திய மருந்து செயல்பாட்டு வலையமைப்பு உள்ளிட்டோர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 டிசம்பர் 14-ல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. போதிய அறிவியல் அடிப்படை இல்லாத, தன்னிச்சையான முடிவு என்றது. பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மாட்டுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் போட்ட ஊசி, கடைசியில் மனிதர்களின் பிரசவ வார்டு வரை பிரச்சனையைக் கொண்டுபோனது. மருந்து கட்டுப்பாடு இல்லாமல் கைமாறினால் இப்படித்தான்.

ஓசூர் - கிருஷ்ணகிரி பக்கம் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏனென்றால், செலாங்க் விளம்பரம் குறி வைப்பது சரியாக இங்கே இருப்பவர்கள் மாதிரியான ஆட்களைத்தான். இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். சொந்த ஊரை விட்டு வந்து ஹாஸ்டலிலும் வாடகை ரூமிலும் தங்கும் பெண்கள், ஆண்கள். ஒப்பந்த வேலை எப்போது முடியும் என்ற கவலை. படபடப்பு, தூக்கமின்மை, மார்பில் இறுக்கம் என்று வருவது ஆச்சரியம் இல்லை.

இவர்களுக்குப் பதற்ற மாத்திரையில் ஒரு நியாயமான பயமும் உண்டு. டயஸிபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவருக்கு அது கை போகிற விஷயம். தொடர்ந்து சாப்பிட்டால் பழக்கமும் ஆகலாம். அதனால்தான் இந்த இரண்டும் இந்தியாவில் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு வேண்டும், மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"தூக்கம் வராது, பழக்கம் ஆகாது" என்ற விளம்பரம் இந்த பயத்தைத்தான் தொடுகிறது. ஆனால் பதற்றத்துக்கு மருத்துவம் இந்த இரண்டு மாத்திரைகளோடு முடிந்துவிடுவதில்லை. பழக்கம் ஏற்படுத்தாத எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் இருக்கின்றன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், ஆனால் பல ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டவை. 'சிபிடி' எனப்படும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. அதில் மாத்திரையே கிடையாது.

பிரச்சனை, அங்கே போய்ச் சேருபவர்கள் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. கோளாறைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. அந்த நிம்ஹான்ஸ் இருப்பதும் பெங்களூருவின் ஓசூர் ரோட்டில்தான். குந்தாரப்பள்ளியைக் கடக்கும் அதே நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வந்துவிடும்.

சிகிச்சை பெறாத அந்தப் பெரிய கூட்டம்தான் ஆன்லைன் வியாபாரிகளின் சந்தை.

'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிளில் இருந்தால் என்ன அர்த்தம்?

ஆன்லைனில் விற்கும் பல பெப்டைட் குப்பிகளில் 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இது விற்பவர் தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் பின்வாசல். "நான் மனிதருக்கு விற்கவில்லையே" என்று சொல்லிவிடலாம்.

மருந்து என்று விற்றால், புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019-ன் கீழ் மத்திய அனுமதி வேண்டும். தரம், கிருமியில்லாத தன்மை, அளவு எல்லாம் சோதிக்கப்படும். ஆராய்ச்சிப் பொருள் என்று விற்றால் அந்தப் பாதுகாப்பு எதுவும் வாங்குபவருக்குக் கிடைக்காது. உள்ளே இருப்பது அந்த 7 மணி மாலைதானா, பாதியில் அறுந்த மாலையா, வெயிலில் கெட்டுப்போனதா? பார்த்தால் எதுவுமே தெரியாது, எல்லாம் வெள்ளைப் பொடிதான்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் செலாங்க் உட்பட பல பெப்டைட்களை, பாதுகாப்புக் கவலைகள் உள்ள பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி இவற்றை எதிரியாக நினைத்துத் தாக்கலாம், கலப்படமான துணுக்குகள் இருக்கலாம் என்பதே கவலை. செலாங்கின் மூலமான டஃப்ட்சின் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவது என்று மேலே பார்த்தோமே, அதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்?

"பதற்றத்துக்குப் புது மருந்து கண்டுபிடிப்பு" என்று பார்த்ததும் ஷேர் செய்யும் முன், ஆர்டர் போடும் முன், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. யாரிடம் சோதித்தார்கள்? எலியிடமா, மனிதரிடமா?

2. எத்தனை பேர்? பத்து, அறுபது பேரா, நூற்றுக்கணக்கானவர்களா?

3. டம்மி மருந்து வாங்கிய குழுவோடு ஒப்பிட்டார்களா?

4. கண்டுபிடித்தவர் தவிர வேறு யாராவது திரும்பச் செய்து அதே முடிவைப் பார்த்தார்களா?

5. இந்தியாவில் அந்த நோய்க்கு அனுமதி இருக்கிறதா? டாக்டர் சீட்டு எழுதுவாரா?

செலாங்க் இப்போதைக்கு முதல் நான்கில் தடுமாறுகிறது, ஐந்தாவதில் பதில் 'இல்லை'. ஆக்சிடோசின் பதற்றம், பழகும் திறன் விஷயத்தில் மூன்றாவது, நான்காவது கேள்விகளில்தான் விழுந்தது. அதற்கு 15 வருஷத்துக்கு மேல் ஆனது. நாளைக்கே செலாங்க் பெரிய ஆய்வில் ஜெயித்தால், அதை மருந்து என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. அதுவரை அது லேபில் இருக்க வேண்டிய பொருள்.

இப்போதே உதவி வேண்டுமா?

படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத பயம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால் காத்திருக்க வேண்டாம். முதல் தடவை மார்பு வலி, மூச்சுத் திணறல் வந்தால் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

14416 - மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

104 - தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண். மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் இலவசமாக சிகிச்சை பெறலாம். மெஷின் வேலை, நைட் ஷிப்ட் பார்ப்பவர் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் வராத மாத்திரை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. ஏற்கெனவே பதற்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். படிப்படியாகக் குறைக்க டாக்டர் வழி சொல்வார்.